வேலஞ்சேரிச் செப்பேடும் மேற்கோள் கணக்கும்

திருத்தணியை ஒட்டிய வேலஞ்சேரியில் 1977இல் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவ அபராஜிதனுடையது. மற்றது முதலாம் பராந்தகச் சோழனுடையது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் தலைவராக இருந்த இரா. நாகசாமி அவற்றைப் படித்து, 1979இல் துறை வெளியீடாகவே நூலாக்கினார். பல்லவர் விழுந்து சோழர் எழுந்த காலத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது. இன்று ஒரு கல்லூரி ஆசிரியர் அதே தரத்தில் ஒரு வேலையைச் செய்து, பதவி உயர்வு விண்ணப்பத்தோடு வைத்தால் முதலில் எழும் கேள்வி வேறு: ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் வருமா? இல்லையென்றால், மேற்கோள் எத்தனை?

இந்தக் கேள்வியின் நெருக்கடியில்தான் ஆய்வுக் கட்டுரையை நாலு பேர் கண்ணில் படவைப்பது எப்படி, மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுவது எப்படி என்று கல்லூரிதோறும் பயிலரங்குகள் நடக்கின்றன. தலைப்பைச் சுருக்குங்கள், சமூக ஊடகத்தில் போடுங்கள், இலவசமாகப் படிக்கும்படி வையுங்கள், வெளிநாட்டவரோடு சேர்ந்து எழுதுங்கள் என்று அறிவுரைகள் குவிகின்றன. இவற்றில் சோதித்துப் பார்க்கப்பட்டவை எவை, சோதனையில் தேறியவை எவை என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. திருத்தணியும் அதைச் சுற்றிய மாவட்டமும் இதற்கு வேண்டிய அளவுக்குச் சான்று வைத்திருக்கின்றன.

மேற்கோளை எண்ணும் பழக்கம் ஆசிரியரை எடைபோடுவதற்காகத் தொடங்கியதல்ல. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயன்ஸ் இதழில் இந்த யோசனையை முன்வைத்தபோது, ஒரு கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் ஏற்றார்களா மறுத்தார்களா என்று வாசகர் தேடிப் பிடிக்க ஒரு வழி வேண்டும் என்பதே அவர் வாதம். 1960களில் அச்சில் வந்த அவருடைய அட்டவணை நூலகத்தில் வைக்கும் ஒரு தேடு கருவி. அது எடைக்கல்லாக மாறியது பிறகுதான். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீட்டைக் கொடுத்ததும், ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை ஒரே எண்ணில் சொல்லிவிடும் வசதி நிர்வாகங்களுக்குக் கிடைத்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010 விதிகளில் கட்டுரைகளுக்குப் புள்ளி கொடுத்தது. 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட தேசியத் தரவரிசையோ கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தளங்களிலிருந்து எடுக்கிறது. மானியக் குழுவை அமைக்கப் பரிந்துரைத்தது 1948–49இன் பல்கலைக்கழகக் கல்விக் குழு. அதன் தலைவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இன்றைய விதிப்படி புள்ளி போட்டால் அவருடைய பெரிய நூல்கள் தேறுமா என்று யோசிப்பது ஒரு வேடிக்கையான பொழுதுபோக்கு.

சான்றுகளுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த ஆய்வு 1991இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அந்த இதழின் கட்டுரைகளில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் செய்தியாக்கியவை, செய்தியாகாத இணையான கட்டுரைகளைவிட முதல் ஆண்டில் ஏறத்தாழ 73 விழுக்காடு அதிக மேற்கோள் பெற்றிருந்தன. நல்ல கட்டுரையைத்தானே நாளிதழ் தேர்ந்தெடுக்கும், மேற்கோளும் அந்தத் தரத்துக்கு வந்ததுதானே என்று யாரும் மடக்கலாம். மடக்குகிறவருக்குப் பதில் தர ஒரு வேலைநிறுத்தம் உதவியது. 1978இல் 12 வாரங்கள் அந்த நாளிதழ் மக்கள் கைக்குப் போகவில்லை. ஆனால் ஆவணத்துக்காகப் பக்கங்கள் மட்டும் தயாராகிக்கொண்டிருந்தன. அந்த வாரங்களில் செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்தும் வாசகரைச் சேராத கட்டுரைகளுக்கு எந்தக் கூடுதல் மேற்கோளும் கிடைக்கவில்லை. ஆக, நாளிதழ்ச் செய்தி தரத்தை அடையாளம் காட்டியதோடு நிற்கவில்லை. கட்டுரையைக் கண்ணில் படவைத்தது என்று நம்ப இடமுண்டு.

இலவசத் திறப்பு பற்றிய சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. 2001இல் லாரன்ஸ் என்பவர் நேச்சரில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணினித்துறைக் கட்டுரைகள் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுகின்றன என்று எழுதியதிலிருந்து இந்தக் கருத்து வேத வாக்காகிவிட்டது. 2008இல் பிலிப் டேவிஸ் குழு குலுக்கல் முறையில் சோதித்தது. உடலியங்கியல் இதழ்களின் சில கட்டுரைகளை எந்தத் தேர்வுமின்றித் திறந்துவிட்டு, மற்றவற்றைப் பூட்டியே வைத்தார்கள். திறந்தவற்றின் முழுவடிவப் பதிவிறக்கம் 89 விழுக்காடு கூடியது. முதல் ஆண்டு மேற்கோள் கூடவில்லை. 2018இல் வந்த ஒரு பெரும் கணக்கெடுப்பு, திறந்த கட்டுரைகளுக்குச் சராசரியைவிட 18 விழுக்காடு மேற்கோள் கூடுதல் என்றது. ஆனால் அது குலுக்கல் அல்ல, நல்ல கட்டுரையைத்தான் ஆசிரியர்கள் ஆசையாகத் திறந்து வைக்கிறார்களோ என்ற சந்தேகம் அதில் ஒட்டியிருக்கிறது. என் கணிப்பு இது: திறந்து வைத்தால் படிப்பவர் கூடுவது உறுதி, மேற்கோள் கூடுவது சிறிதளவு, அதுவும் துறையைப் பொறுத்தது. சந்தா கட்ட முடியாத மாணவரும் மருத்துவரும் கிராமத்து ஆசிரியரும் படித்துப் பயன்பெறுகிறார்கள், ஆனால் அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. அவர்கள் படித்தது எந்த அட்டவணையிலும் ஏறாது.

சமூக ஊடகத்திலும் இதே இழுபறிதான். நெஞ்சறுவைத் துறை இதழ்களில் குலுக்கல் முறையில் நடந்த ஒரு சோதனை 2021இல் ட்வீட் போட்ட கட்டுரைகளுக்கு மேற்கோள் கூடியதாகச் சொன்னது. 2024இல் வேறொரு குழு, நிறையப் பின்தொடர்பவர்கள் கொண்ட அறிவியலாளர்களையே ட்வீட் போடச் செய்து மூன்றாண்டு பொறுத்துப் பார்த்தது. பதிவிறக்கம் கூடியது, மேற்கோளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பு சுருங்கினால் மேற்கோள் பெருகும் என்பதற்கு ஏறத்தாழ 1,40,000 கட்டுரைகளை அலசிய 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றைக் காட்டுவார்கள். அதில் தெரிவது, குறுந்தலைப்புகளை வெளியிடும் இதழ்கள் அதிக மேற்கோள் பெறுகின்றன என்பதே. உங்கள் தலைப்பை வெட்டினால் மேற்கோள் வரும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. தரவைப் பொதுவில் வைப்பது பரவாயில்லை. 2007இல் புற்றுநோய் மரபணு ஆய்வுகளில் 69 விழுக்காடு ஏற்றம் என்று வந்த கணக்கு, 2013இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை வைத்துச் சரிபார்த்தபோது 9 விழுக்காடாக இறங்கியது. இறங்கினாலும் நிற்கிறது.

இத்தனை உத்திகளையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பழைய விஷயம்தான்: கட்டுரை யாருடைய கேள்விக்கு விடை சொல்கிறது?

ராதாகிருஷ்ணன் 1908இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வுரை வேதாந்தத்தின் அறவியல் பற்றியது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று அன்று மிஷனரி அறிஞர்கள் வைத்த குற்றச்சாட்டுக்கு அது நேரடி மறுமொழி. மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டே 1914இல் பன்னாட்டு அறவியல் இதழில் எழுதினார். ஐரோப்பா முழுக்கப் பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, பெர்க்சனின் தத்துவம் ஒருமைவாதமா என்று கேட்டு 1917இல் மைண்ட் இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். திருத்தணிப் பையன் வேதாந்தத்தை மட்டும் விளக்கிக்கொண்டிருந்தால் அது கீழைத்தேயக் கலைப்பொருளாக அடுக்கில் இருந்திருக்கும். பெர்க்சனைப் பற்றிப் பேசியதால், பெர்க்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரைப் படிக்க வேண்டியதாயிற்று. 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிடைத்த ஸ்பால்டிங் பேராசிரியர் பதவியின் பாதை அந்தச் சிறு கட்டுரைகளிலிருந்து தொடங்குகிறது.

சி.வி. ராமன் இன்னொரு பாடம். தாமே 1926இல் தொடங்கிய கல்கத்தா இதழில்தான் 1928 மார்ச்சில் தம் புதிய ஒளிச்சிதறலைப் பற்றிய உரையை அச்சிட்டார். பிறகு அதன் தனிப்படிகளை உலகெங்குமுள்ள இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். அதே விளைவைப் படிகங்களில் கண்ட ரஷ்யர்களின் விரிவான கட்டுரை சில மாதம் பிந்தியது. 1930இல் நோபல் ராமனுக்கு மட்டும் போனது. உள்ளூர் இதழில் போட்டால் உலகம் பார்க்காது என்பவர்கள் இந்தத் தபால் செலவை நினைத்துப் பார்க்கலாம்.

நம் மாவட்டத்திலேயே நடந்ததைப் பார்ப்போம். கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கல்லாயுதங்கள் கிடைப்பதை 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டார்கள். 1999இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு அங்கே அகழாய்வைத் தொடங்கினார். அவருடைய அமைப்பு பெரிய பல்கலைக்கழகமல்ல; சர்மா மரபுக் கல்வி மையம் என்ற சிறு அறக்கட்டளை. 12 ஆண்டு கழித்து 2011இல் சயன்ஸ் இதழில், அச்சூலியன் கைக்கோடரிகளைச் செய்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியாவில் இருந்தார்கள் என்று காலக்கணிப்போடு வெளியானது. பிரெஞ்சு ஆய்வகங்களின் காஸ்மிக் கதிர் ஐசோடோப்பு அளவீடும் தொல்காந்த அளவீடும் துணை. 2018இல் நேச்சரில் அடுத்த கட்டுரை: இடைப் பழங்கற்கால உத்திகள் இங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன. இதற்கு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் மணற்துகள்களின் ஒளிர்வைக் கொண்டு காலம் கணித்தது. அந்தத் தலைப்பிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் வெளியேறிய கதையை மறுவடிவமைக்கிறது என்ற அறிவிப்பு இருந்தது. கூவத்துக்கு வடக்கே ஒரு கிராமத்தின் கல்லைப் பற்றி உலகில் நூறு பேர் படிப்பார்கள். மனிதன் ஆப்பிரிக்காவை விட்டு எப்போது, எதை எடுத்துக்கொண்டு கிளம்பினான் என்பதை ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே கட்டுரைதான். அந்தக் கேள்வியோடு இந்தக் கல்லை இணைக்கும் உரிமையைப் பெற 12 ஆண்டு மண் வெட்டி, அளந்து, காலம் கணிக்க வேண்டியிருந்தது என்பதைத் தலைப்பு உத்தி சொல்லித்தருகிறவர்கள் சொல்வதில்லை.

உடனே ஓர் எதிர்வாதத்தையும் வைக்க வேண்டும். எல்லா ஆய்வும் உலகக் கேள்விக்குப் பதில் சொல்லாது, சொல்ல வேண்டியதும் இல்லை. வேலஞ்சேரிச் செப்பேட்டைப் படிக்கத் தேவைப்படுகிறவர்கள் உலகில் சில நூறு பேர் இருக்கலாம். அவர்கள் எல்லோருக்கும் அது கிடைத்துவிட்டால் அந்த நூல் முழு வெற்றி. கல்வெட்டியலையும் நரம்பியலையும் ஒரே மேற்கோள் அளவுகோலில் நிறுத்துவது அநியாயம் என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012இன் சான்பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015இன் லெய்டன் அறிக்கையும் தெளிவாகவே பேசுகின்றன. ஆகவே உள்ளூர் ஆய்வாளர் கவலைப்பட வேண்டியது மேற்கோள் கூடுவதைப் பற்றியல்ல. அந்தச் சில நூறு பேரிலும் பாதிப் பேருக்குத் தன் கட்டுரை தட்டுப்படாமல் போவதைப் பற்றி. இங்கேதான் நாம் தவறவிடுகிறோம், பெரும்பாலும் அற்பக் காரணங்களால்.

முதல் காரணம் ஊர்ப் பெயரும் மாவட்டமும். திருத்தணி முதலில் வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டமானது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலைப் பற்றி 1955இல் எழுதியவர் சித்தூர் என்று போட்டிருப்பார். இன்று எழுதுகிறவர் திருவள்ளூர் என்கிறார். இருவரையும் ஒரே தேடலில் எந்தக் கணினியும் சேர்க்காது. ஆங்கில எழுத்துக்கூட்டலோ தனிக் கூத்து: திருத்தணிக்கு நான்கைந்து வடிவம், வேலஞ்சேரிக்கு மூன்று. பரிகாரம் செலவில்லாதது. சுருக்கத்திலும் குறிச்சொற்களிலும் பழைய மாவட்டப் பெயர்களையும் மாற்று எழுத்துக்கூட்டல்களையும் போட்டுவிட வேண்டும், ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையையும் கொடுத்துவிட வேண்டும். குறிச்சொல் இடத்தில் "வரலாறு, கோயில், பண்பாடு" என்று போடுவது கட்டுரையைப் புதைப்பதற்குச் சமம்.

இரண்டாவது, எழுதுகிறவர் பெயர். தமிழர் தலைப்பெழுத்தில் தந்தை பெயர். எல்லைக்கு இந்தப்பக்கமே வாழும் தெலுங்குக் குடும்பங்களில் முன்னே வீட்டுப்பெயர், சர்வபள்ளியைப் போல. கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று நம்பும் மேலைத் தரவுத்தளம் இரண்டையும் குழப்புகிறது. படிவம் தலைப்பெழுத்தை விரிக்கச் சொன்னால் ஒரு கட்டுரையில் தந்தை பெயர் குடும்பப்பெயராகிறது. அடுத்த கட்டுரையில் தன் பெயர். ஒரே ஆள் இருவராகி மேற்கோள் பிளவுபடுகிறது, அல்லது ஒரே பெயருள்ள நான்கு பேர் ஒருவராகிறார்கள். 2012இல் வந்த ஆர்க்கிட் எண் இதற்கென்றே உள்ள இலவச ஏற்பாடு. முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பெற்று, பெயரை ஒரே வடிவில் கடைசிவரை எழுதுவது எந்த ட்வீட்டைவிடவும் பயன் தரும்.

மூன்றாவது, தமிழில் எழுதப்பட்ட ஆய்வின் நிலை. இதைப் பற்றித் தனிக் கட்டுரையே வேண்டும். தமிழ் இதழ்களில் பல ஆண்டுகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த பி.டி.எஃப். கோப்புகள்தான் இணையத்தில் ஏறின. பார்க்கத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பிறகும் அச்சகப் பழக்கம் எளிதில் விடவில்லை. தஞ்சையிலிருந்து தொல்லியல் கழகம் வெளியிடும் ஆவணம் போன்ற இதழில் புதுக் கல்வெட்டுகள் முதன்முதலாக வெளிவருகின்றன. பிற்பாடு ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதைப் பார்க்காவிட்டால், முதலில் கண்டவர் பெயர் அடிக்குறிப்பிலிருந்தும் காணாமல் போய்விடும். தனிநாயகம் அடிகள் 1952இல் டமில் கல்ச்சர் என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியதும், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகத் தூண்டுகோலாக இருந்ததும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டியதும் இந்தச் சிக்கலைக் கண்ணாரக் கண்டுதான். தமிழ் மட்டும் தெரிந்தவர், தமிழில் எழுதாத தமிழியலாளர் என்ற இரு கூட்டத்தாரை ஒரே அறையில் உட்காரவைத்தார். இன்றைய நிலையில் அதன் குறைந்தபட்ச வடிவம், தமிழ்க் கட்டுரைக்கு முந்நூறு சொல்லில் நல்ல ஆங்கிலச் சுருக்கம். ஆங்கிலத்தில் முழுக்க எழுதிவிட்டுத் தமிழைக் கைவிடச் சொல்லும் யோசனைக்கு நான் எதிரி. உள்ளூர்க் கல்வெட்டை உள்ளூர்க்காரர் படிக்க முடியாமல் போனால் சரிபார்க்கவும் ஆளிருக்காது.

குறுக்குவழிகளைப் பற்றிச் சுருக்கமாக. 2019இல் நேச்சர் வெளியிட்ட சுயமேற்கோள் அலசலில் முதலில் எடுத்துக்காட்டப்பட்டவர் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர். 2017 வரை அவர் பெற்ற மேற்கோள்களில் 94 விழுக்காடு அவரிடமிருந்தோ அவருடைய இணையாசிரியர்களிடமிருந்தோ வந்தவை. 2023இல் சயன்ஸ் இதழ், சென்னைப் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியொன்று இளநிலை மாணவர்களைத் தேர்வாகவே கட்டுரை எழுதவைத்து, அவற்றில் தன் கல்லூரிக் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் செய்தது என்று எழுதியது; கல்லூரி மறுத்தது. போலி இதழ்களின் கதை இன்னும் நீளம். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து மானியக் குழு பட்டியலில் ஏறிய 1,009 இதழ்களை 2018இல் புணே ஆய்வாளர்கள் அலசியபோது 88 விழுக்காடு தரமற்றவை என்று கண்டார்கள். அதே ஆண்டு மானியக் குழு 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்து மானியக் குழு கொண்டுவந்த கேர் இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்லூரிகளிடமே திரும்பியிருக்கிறது. திரும்பப்பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையைத் தேசியத் தரவரிசையும் 2025இல் கொண்டுவந்தது. விதி இறுகுகிறது, வாங்கி விற்கிறவர்களும் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த ஓட்டத்தில் யார் முந்துவார்கள் என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிவில்லை.

மேற்கோளின் அறம் பற்றிய பழைய வழக்கொன்றும் இந்த ஊர்க்காரரைத் தொட்டிருக்கிறது. தம்முடைய அச்சாகாத ஆய்வேட்டிலிருந்து பகுதிகள் ராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவம் நூலின் இரண்டாம் தொகுதியில் வந்திருப்பதாக 1929இல் ஜதுநாத் சின்ஹா குற்றம் சாட்டினார். ராதாகிருஷ்ணன் மறுத்தார், எதிர்வழக்கும் தொடுத்தார்; 1933இல் கல்கத்தாவில் சமரசமாயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, ஆய்வேடு பல்கலைக்கழக அலமாரிக்குள் கிடந்ததால்தான் வழக்கு அவ்வளவு சிக்கலானது. 2009 விதிகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இன்ஃப்லிப்நெட்டின் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறுகின்றன. தமிழ்த்துறை ஆய்வேடுகளை அங்கே தேடுகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். தன் ஆய்வேட்டுக்கு உருப்படியான சுருக்கமும் சரியான தலைப்பு மொழிபெயர்ப்பும் கொடுத்திருக்கிறோமா என்று ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பணம் பற்றிச் சொல்லாமல் முடியாது. திறந்த இதழ்களில் பல, கட்டுரைக்குக் கேட்கும் தொகை ஓர் உதவிப் பேராசிரியரின் ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டும். அதைக் கட்டாமலே திறந்து வைக்க வழியுண்டு: ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள், சில மாதக் காத்திருப்போடு, அனுமதிக்கின்றன. 2013இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையம் தொடங்கிய ஸெனோடோவில் யாரும் இலவசமாகக் கோப்பை ஏற்றி டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் பெறலாம், தமிழ்க் கோப்புக்கும் தடையில்லை. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் இந்த வழியைப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்தார், கேட்டவர்கள் குறைவு. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கத் தருகிறது. முதல் கட்டத்தில் அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். திருத்தணி அரசு கலைக் கல்லூரி ஆசிரியருக்கு அது கைக்கெட்டும். அதே சாலையில் கட்டுரை எண்ணிக்கைக்காகவே விரட்டப்படும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் வெளியேதான் நிற்கிறார்.